சர்க்கரை மட்டும் போதாது: ஹிப் தடுப்பூசிக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சி

1933-ஆம் ஆண்டு லெராய் ஃபாதர்கில், ஜாய்ஸ் ரைட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பிறந்த குழந்தை முதல் பெரியவர்கள் வரை பல வயதினரின் ரத்தத்தை எடுத்து, அதில் ஒரு பாக்டீரியாவைக் கலந்து, ரத்தம் அதைக் கொல்கிறதா என்று பார்த்தார்கள். பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் ரத்தம் கொன்றது. பெரியவர்களின் ரத்தமும் கொன்றது. ஆனால் ஏறத்தாழ 2 மாதத்திலிருந்து 3 வயது வரை உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் அந்தக் கிருமி ஒரு சேதமும் இல்லாமல் பிழைத்துக் கிடந்தது. அந்தக் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் எந்த வயதில் எத்தனை பேரைத் தாக்குகிறது என்ற கணக்கை இதோடு சேர்த்து வரைந்தபோது, ஒரு கோடு இறங்கிய இடத்தில் மற்றது ஏறியிருந்தது.

கிருமியில் ஒட்டி அதை அழிக்க உதவும் ரத்தப் புரதம் ஆன்டிபாடி. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஆன்டிபாடி சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. குழந்தையின் சொந்த ஆன்டிபாடி வர வருடங்கள் ஆகின்றன. நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் குழந்தைகள் விழுந்தார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பள்ளத்தைப் பற்றியது. அதை நிரப்பிய ஆராய்ச்சியில் நால்வரின் பெயர் முக்கியம். அவர்களில் ஜான் ராபின்ஸ் என்ற குழந்தை மருத்துவரை மையமாக வைத்து இதைச் சொல்கிறேன். காரணம், பாக்டீரியா நோய்களுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி என்பது உண்மையில் என்ன என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

கிருமியின் பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே. பெயரில் இன்ஃப்ளுயன்சா இருந்தாலும் இது ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்குவதில்லை. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளிடம் இதைக் கண்டு, இதுதான் காரணம் என்று நம்பிவிட்டார். உண்மைக் காரணம் ஒரு வைரஸ் என்று தெரிய 1933 வரை ஆனது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

1931-இல் மார்கரெட் பிட்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கூர்ந்து ஆராய்ந்தார். இந்தக் கிருமியில் சிலவற்றைச் சுற்றி வழவழப்பான உறை இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. உறை உள்ளவற்றை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்தார். மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளின் தண்டுவட நீரில் கிடைத்தவை கிட்டத்தட்ட எல்லாமே பி வகை. அதனால்தான் சுருக்கமாக ஹிப். உறை இல்லாத உறவினர்கள் நம்மில் பலரின் தொண்டையில் சும்மா குடியிருக்கிறார்கள். காது வலி, சளி என்று தொந்தரவு தருவார்களே தவிர ரத்தத்துக்குள் இறங்குவது அபூர்வம். வித்தியாசம் முழுக்க அந்த உறையில்.

ஹிப் வந்த குழந்தையை இன்றைய மருத்துவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் சாதாரணக் காய்ச்சல், சிணுங்கல். மாலைக்குள் பால் குடிக்காது, தூக்கினால் வீறிட்டு அழும், உச்சிக்குழி புடைத்து நிற்கும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். இங்கே கலங்கலாகச் சொட்டும். அந்தக் கலங்கல் முழுவதும் சீழணுக்கள். ஹிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. குரல்வளையை மூடும் சிறு மடல் வீங்கிச் சிவந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். குழந்தை முன்பக்கம் சாய்ந்து, வாயைத் திறந்து, எச்சில் வழிய உட்கார்ந்திருக்கும். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடலாம் என்று மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

தடுப்பூசிக்கு முன்பு அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளுக்கு ஹிப் தீவிர நோயாக வந்தது. 5 வயதை எட்டுவதற்குள் 200 குழந்தைகளில் ஒருவருக்கு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்றரை வயதுக்குக் கீழே. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் ஹிப் மூளைக்காய்ச்சல் வந்தால் பிழைப்பது அரிது. 1930-களின் இறுதியில் ஹாட்டி அலெக்ஸாண்டர் என்ற குழந்தை மருத்துவர், முயல்களிடமிருந்து எடுத்த எதிர்ப்புச் சீரம் (ஆன்டிபாடி உள்ள ரத்த நீர்) கொடுத்துச் சிலரைக் காப்பாற்றினார். பிறகு குளோரம்ஃபெனிகால், ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குகள் வந்து சாவைச் சில சதவீதத்துக்குக் குறைத்தன. ஆனால் பிழைத்தவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்குக் காது கேளாமையோ மூளைப் பாதிப்போ தங்கிவிட்டது. உயிர் பிழைத்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிய குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்று சில மாதம் கழித்துத் தாய் சொல்வாள். 1974-இல் ஆம்பிசிலினுக்குக் கட்டுப்படாத ஹிப்பும் தலைகாட்டியது.

சரி, அந்த உறையில் அப்படி என்ன இருக்கிறது? சர்க்கரை. நாம் காபியில் போடும் சர்க்கரையல்ல, ஆனால் அதே குடும்பம். ரைபோஸ், ரைபிட்டால், பாஸ்பேட் என்ற மூன்று துண்டுகள் மணி கோத்ததுபோல் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி. சுருக்கமாக பிஆர்பி என்பார்கள். ரத்தத்தில் சுற்றும் வெள்ளையணுக்கள் கிருமியைக் கவ்வி விழுங்க வேண்டும். உறை இருந்தால் பிடி வழுக்கும். உறையின் மீது ஆன்டிபாடி ஒட்டினால் அதுவே பிடியாகிவிடும், கிருமி பிழைக்காது. ஆகவே தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான்: உறைச் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி.

அதைத்தான் சிறு குழந்தையின் உடல் தயாரிக்காது. ஆன்டிபாடி தயாரிப்பது பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள். தரமான ஆன்டிபாடியை நிறையச் செய்யவும், நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பாயவும் அவற்றுக்கு டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் அனுமதி வேண்டும். டி செல் அடையாளம் காண்பது பெரும்பாலும் புரதத் துண்டுகளைத்தான், சர்க்கரை அதன் கண்ணில் படாது. வளர்ந்தவர்களிடம், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் சர்க்கரை மணிகள் பி செல்லைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்து, டி செல் உதவி இல்லாமலே ஓரளவு எழுப்பிவிடும். குழந்தைக்கு ஏறத்தாழ 2 வயது ஆகும் வரை அந்தக் குறுக்கு வழி திறப்பதில்லை. இதில் மனத்தை உலுக்கும் ஒரு விஷயம் உண்டு. 2 வயதுக்குள் ஹிப் மூளைக்காய்ச்சலே வந்து, உடல் முழுக்கக் கிருமி ஓடிப் பிழைத்த குழந்தைகளிடம்கூடப் பல சமயம் போதிய ஆன்டிபாடி உருவாகவில்லை. நோய் மறுபடியும் வரலாம். அதனால்தான் 2 வயதுக்குள் ஹிப் நோய் வந்து குணமான குழந்தைக்கும் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள்.

இதற்கு விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்வால்ட் ஏவரி நிமோனியாக் கிருமியான நியூமோகாக்கஸை ஆராய்ந்துவந்தார். மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று 1944-இல் காட்டிய அதே ஏவரி. நியூமோகாக்கஸுக்கும் சர்க்கரை உறைதான். சுத்தமான உறைச் சர்க்கரையை முயலுக்குள் செலுத்தினால் ஆன்டிபாடி வரவில்லை. அவரும் வால்தர் கோபலும் அந்தச் சர்க்கரையைக் குதிரைச் சீரத்தின் புரதத்தோடு வேதிப் பிணைப்பால் ஒட்டிவிட்டுச் செலுத்திப் பார்த்தார்கள். முயல் ஆன்டிபாடி தயாரித்தது, அந்த ஆன்டிபாடி உயிருள்ள கிருமியையும் தடுத்தது. 1931-இல் இது வெளியானது.

கவனியுங்கள். 1931-இல் பிட்மேன் உறையைக் காட்டினார். அதே ஆண்டில் ஏவரியும் கோபலும் சர்க்கரைக்கு ஆன்டிபாடி வரவைக்கும் வழியைக் காட்டினார்கள். 1933-இல் எந்த வயதுக் குழந்தைக்கு அது தேவை என்பதும் தெரிந்துவிட்டது. மூன்றும் மூன்று வருடத்துக்குள். இவற்றைச் சேர்த்து வைத்துக் குழந்தைக்கு ஒரு ஊசியாக மாற்ற 1980-கள் வரை ஆனது. நடுவில் வந்தது ஆன்டிபயாடிக். மருந்து கையில் இருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்ற எண்ணம் பரவியது. நியூமோகாக்கஸ் உறைச் சர்க்கரையிலிருந்து 1940-களில் பெரியவர்களுக்கென்று வந்த தடுப்பூசிகூட வாங்க ஆளில்லாமல் நின்றுபோனது. பென்சிலினின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வெற்றியின் நிழலில் காது கேளாமல் போன குழந்தைகளை யாரும் சரியாக எண்ணவில்லை என்பது வருத்தமான உண்மை.

ராபின்ஸ் 1932-இல் நியூயார்க்கில் பிறந்தவர். குழந்தை மருத்துவம் படித்தவர். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ரேச்சல் ஷ்னீர்சன் அவரோடு சேர்ந்தார். இவர் போலந்தில் பிறந்து இஸ்ரேலில் மருத்துவம் படித்தவர். 1970 வாக்கில் இருவரும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் ஒன்றாகவே வேலை செய்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் கேள்வியே அழகானது. பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஹிப் ஆன்டிபாடி இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஹிப் நோய் வந்ததே இல்லை, தொண்டையில்கூட அந்தக் கிருமி வந்து போவது எல்லோருக்கும் நடப்பதில்லை. அப்படியானால் ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது? அவர்கள் குடலில் தேடினார்கள். அங்கே சாதுவாக வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் கே100 என்ற உறை கொண்ட ஒரு வகை கிடைத்தது. அதன் சர்க்கரையும் அதே ரைபோஸ், ரைபிட்டால், பாஸ்பேட். மணிகளைக் கோத்த விதத்தில் மட்டும் சிறு மாற்றம். ஹிப் ஆன்டிபாடி இதையும் பிடித்துக்கொண்டது. அப்புறம் பெரியவர்கள் சிலர் சம்மதித்து அந்த ஈ. கோலையை விழுங்கினார்கள். அவர்கள் ரத்தத்தில் ஹிப் ஆன்டிபாடி ஏறியது. 1975-இல் இது வெளியானது. நம் குடலில் வந்து போகும் ஊர்பேர் தெரியாத பாக்டீரியாக்கள் நம்மை வேறொரு கொடிய கிருமிக்குத் தயார்செய்கின்றன என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய சோதனைகள் குறைவு. ஆனால் இந்த இயற்கைப் பாடம் மெதுவாக நடக்கிறது. குழந்தை அதைக் கற்று முடிப்பதற்குள் ஹிப் வந்துவிடுகிறது.

எவ்வளவு ஆன்டிபாடி போதும் என்பதற்கும் ஒரு வழி இருந்தது. பிறவியிலேயே ஆன்டிபாடி தயாரிக்க முடியாத குழந்தைகளுக்குப் பிறரின் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலின் ஊசி தொடர்ந்து போடுவார்கள். அதிலிருந்த ஹிப் ஆன்டிபாடி அவர்களைக் காத்தது. அவர்கள் ரத்தத்தை அளந்து, ஒரு மில்லிலிட்டருக்கு 0.15 மைக்ரோகிராம் இருந்தால் பாதுகாப்பு என்று கணக்கிட்டார்கள். தடுப்பூசி ஆய்வுகளில் இன்றும் புழங்கும் எண் அது.

அதே காலத்தில் டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் என்ற இருவர் முதலில் பாஸ்டனிலும் பின்னர் ராசெஸ்டரிலும் இதே இலக்கைத் தனியே துரத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழுவும் முதலில் சுத்தமான பிஆர்பி சர்க்கரையையே தடுப்பூசியாக்கப் பார்த்தன. 1974-இல் ஃபின்லாந்தில் 3 மாதம் முதல் 5 வயது வரை ஏறத்தாழ 1 லட்சம் குழந்தைகளிடம் பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வேறொரு தடுப்பூசி. ஒன்றரை வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 90 சதவீதம் நோய் குறைந்தது. அதற்குக் கீழே ஒரு பலனும் இல்லை. நோயில் பெரும்பங்கு அந்தக் கோட்டுக்குக் கீழேதானே இருக்கிறது.

இங்கேதான் ஏவரி, கோபல் கட்டுரைக்கு உயிர் வந்தது. ஆனால் 1931-இன் வேதியியலையும் குதிரைப் புரதத்தையும் அப்படியே குழந்தைக்குக் கொடுக்க முடியாது. ராபின்ஸும் ஷ்னீர்சனும் சயனோஜன் புரோமைடைக் கொண்டு சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டும் இடங்களை உண்டாக்கினார்கள். ஆறு கார்பன் நீளமுள்ள ஒரு சிறு மூலக்கூறைக் கைபோல அதில் பொருத்தி, அந்தக் கையின் மறுமுனையில் புரதத்தைப் பிடித்துவைத்தார்கள். புரதமாக அவர்கள் பயன்படுத்தியவற்றில் ஒன்று டெட்டனஸ் தடுப்பூசியில் உள்ள, நஞ்சு நீக்கிய புரதம். குழந்தைகளுக்கு எப்படியும் போடுவதுதான், பாதுகாப்பானது. 1980-இல் முடிவுகள் வெளியாயின. சுத்தச் சர்க்கரைக்கு அசையாத எலிகள் இந்த இணைப்புக்கு ஆன்டிபாடி தயாரித்தன. இரண்டாவது ஊசிக்கு அது இன்னும் ஏறியது. நினைவு உருவாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

உள்ளே நடப்பது இதுதான். சர்க்கரையைப் பிடிக்கும் பி செல், சர்க்கரையோடு ஒட்டிய புரதத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. உள்ளே புரதத்தை நறுக்கி, துண்டுகளைத் தன் மேற்பரப்பில் நீட்டிக் காட்டுகிறது. டெட்டனஸ் புரதத்தை அறிந்த டி செல் வந்து அந்தத் துண்டைப் பார்க்கிறது, இது எனக்குத் தெரிந்த ஆள் என்று உதவி கொடுக்கிறது. பி செல் அந்த உதவியை வைத்துச் சர்க்கரைக்கான ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. சர்க்கரையும் புரதமும் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். இரண்டையும் வெறுமனே கலந்து ஊசி போட்டால் நடக்காது.

ஆண்டர்சனும் ஸ்மித்தும் நீண்ட சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கி, நஞ்சற்றதாக மாறிய ஒரு டிஃப்தீரியா புரதத்தோடு இணைத்தார்கள். அமெரிக்காவில் 1987-இன் இறுதியில் முதல் இணைப்புத் தடுப்பூசிக்கு ஒன்றரை வயதுக்கு மேற்பட்டோருக்காக உரிமம் கிடைத்தது. 1990-இல் 2 மாதக் குழந்தைக்கே போடும் அனுமதி வந்தது. 1996-இல் ராபின்ஸ், ஷ்னீர்சன், ஸ்மித், ஆண்டர்சன் நால்வருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது.

எல்லா இணைப்பும் சமமல்ல என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்தது. ஒரே தடுப்பூசி ஃபின்லாந்துக் குழந்தைகளை 90 சதவீதத்துக்கு மேல் காத்தது, அலாஸ்காவின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் ஏறக்குறையத் தோற்றது. அலாஸ்காவில் நோய் முதல் சில மாதங்களிலேயே வந்துவிடும், அந்தத் தடுப்பூசியோ மூன்றாவது ஊசிக்குப் பிறகுதான் சரியாக வேலைசெய்தது. அமெரிக்காவின் நவாஹோ பூர்வகுடியினரிடமும் நோய் சீக்கிரமே தாக்கும். மதுராம் சந்தோஷம் தலைமையிலான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அங்கே, முதல் ஊசியிலேயே ஆன்டிபாடி தரும் வேறொரு இணைப்பைச் சோதித்தது. போலி ஊசி பெற்றவர்களில் 22 பேருக்கு ஹிப் வந்தது, தடுப்பூசி பெற்றவர்களில் ஒருவருக்கு. எந்த வயதில் என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது.

அதன் பிறகு நடந்தது யாரும் முழுசாக எதிர்பார்க்காதது. 2 மாதக் குழந்தைகளுக்கு அனுமதி வருவதற்கு முன்பே, அதாவது ஒன்றரை வயதை எட்டியவர்கள் மட்டும் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோதே, அமெரிக்காவில் சிறு குழந்தைகளிடமும் ஹிப் குறையத் தொடங்கியது. இணைப்புத் தடுப்பூசி தரும் ஆன்டிபாடி தொண்டையில் கிருமி தங்குவதையே தடுக்கிறது. அண்ணன் தொண்டையில் இல்லாவிட்டால் தம்பிக்கு எங்கிருந்து வரும்? சில ஆண்டுகளில் நோய் 99 சதவீதத்துக்கு மேல் மறைந்தது.

ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி தொண்டை, குடல் போன்ற ஈரச் சுவர்களில் கசிந்து வந்து, உள்ளே நுழைய முயலும் ஒருசில கிருமிகளை அந்த வாசலிலேயே முடித்துவிடுகிறது, அதுவே போதும் என்பது ராபின்ஸின் வாதம். வேறு சிலர் செல்வழி எதிர்ப்பு, உள்சுவர் ஆன்டிபாடி என்று சிக்கலான விளக்கங்களைத் தேடியபோது, அவர் இதையே திரும்பத் திரும்ப எழுதினார். எல்லா நோய்க்கும் இது பொருந்துமா என்பதில் மற்றவர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஹிப் விஷயத்தில் அவர் பக்கம் கனமாகவே இருக்கிறது.

பிரிட்டன் இதில் ஒரு பாடம் கற்றது. 1992-இல் ஹிப் ஊசியைத் தொடங்கியபோது 2-ஆம் வயதில் பூஸ்டர், அதாவது நினைவூட்டும் கூடுதல் ஊசி, தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். 1999-க்குப் பிறகு நோய் மெல்லத் திரும்பியது. 2003-இல் அவசரமாகக் கூடுதல் ஊசி போட்டு அடக்கினார்கள், 2006-இல் 12-ஆம் மாத பூஸ்டரை வழக்கமான அட்டவணையில் சேர்த்தார்கள். தொண்டையில் கிருமியின் நடமாட்டம் குறைந்துவிட்டால், இயற்கையாகக் கிடைக்கும் நினைவூட்டலும் குறைந்துவிடுகிறது. ஊசிதான் அதைச் செய்ய வேண்டும்.

ஹிப்பில் வென்ற வழியை மற்ற உறைக் கிருமிகளுக்கும் எடுத்துச் சென்றார்கள். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் ஏ, சி என்று ஒவ்வொன்றாக வந்தன. மெனிங்கோகாக்கஸ் பி மட்டும் விதிவிலக்கு. அதன் உறைச் சர்க்கரை நம் நரம்புத் திசுவில் உள்ளதைப் போலவே இருப்பதால் உடல் அதை அந்நியமாகக் கருதாது. அதற்குப் புரதங்களை வைத்து வேறு பாதை போட வேண்டியிருந்தது.

ராபின்ஸும் ஷ்னீர்சனும் டைஃபாய்டுக்குத் திரும்பினார்கள். டைஃபாய்டு கிருமிக்கு விஐ என்ற சர்க்கரை உறை உண்டு. சுத்தமான விஐ ஊசி 1980-களில் நேபாளத்தில் நோயைச் சுமார் 75 சதவீதம் குறைத்தது, ஆனால் அதுவும் சிறு குழந்தைக்கு உதவாது. ஷௌசுன் சூ என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து விஐயைப் புரதத்தோடு இணைத்தார்கள். வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பகுதியில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் சோதித்தபோது 91.5 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. 2001-இல் இது வெளியானது. அதே கருத்தில், டெட்டனஸ் புரதத்தோடு இணைத்து ஐதராபாத்தில் தயாரான டைஃபாய்டு தடுப்பூசியைத்தான் பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் 6 மாதக் குழந்தையிலிருந்தே போடலாம் என்று ஏற்றது.

கடைசியாக அவர்கள் கைவைத்தது ரத்த சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா. இதன் மேற்பரப்புச் சர்க்கரையையும் புரதத்தோடு இணைத்தார்கள். இஸ்ரேல் ராணுவ வீரர்களிடம் 74 சதவீதப் பாதுகாப்பு. பிறகு 1 முதல் 4 வயது வரையான குழந்தைகளிடம் சோதித்தார்கள். 3 வயதைக் கடந்தவர்களிடம் சுமார் 71 சதவீதம். வயது இறங்க இறங்க ஆன்டிபாடியும் இறங்கியது, 3 வயதுக்குக் கீழே போதிய பாதுகாப்பு இல்லை. ஃபாதர்கிலும் ரைட்டும் 1933-இல் வரைந்த அதே பள்ளம், இன்னொரு கிருமியிடம். ராபின்ஸ் 2019-இல் காலமானார். உலகெங்கும் குழந்தைகளுக்குப் போடக்கூடிய ஷிகெல்லா தடுப்பூசி இன்னும் வரவில்லை. சங்கிலியின் நீளத்தையும் அதைப் புரதத்தில் ஒட்டும் இடத்தையும் மாற்றி மாற்றி இன்றும் பல ஆய்வுக்கூடங்கள் முயன்றுவருகின்றன.